அஞ்சு பேப்பர்லயும் வந்த ஒரு வரி

போன வாரம் உங்கள்ல ஒரு தம்பி எனக்கு போன் போட்டாப்ல. பழனிசெட்டிபட்டியில ஏதோ கடைத் திறப்பு விழா, செய்தி எடுக்கப் போயிருக்காப்ல. அங்கன ஒரு பெரிய மனுசன், "பேப்பர்க்காரன் பூராப் பயலும் புளுகுணிப் பயலுக"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்காரு. சொல்லிட்டு, பத்து நிமிசம் கழிச்சு அவரே பக்கத்துல வந்து, "தம்பி, நான் ரிப்பன் வெட்டுனது போட்டோவுல நல்லா விழுந்துருக்கா? நாளைக்கே வந்துருமா?"ன்னு கேட்டிருக்காரு. தம்பிக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. "இந்தச் சனங்க நம்மளை என்னதான்ணே நினைக்குது? நான் வேற வேலைக்குப் போயிரவா?"ன்னாப்ல.

போறதுன்னா போங்க, யாரும் கட்டி வைக்கல. ஆனா அந்தப் பெரிய மனுசனுக்காகப் போகாதீக. இந்தப் பக்கத்துல முப்பது வருசத்துக்கு மேல நிருபரா அலைஞ்சவன் சொல்றேன். நம்மளை வையாத ஆளும் இங்க கிடையாது, கூப்பிடாத ஆளும் கிடையாது. ரெண்டையும் ஒரே வாய்தான் செய்யும். அதுக்கு அவுகள்ட்ட காரணம் இருக்கு. எனக்கு அதை யாரும் பாடம் எடுக்கல. நான் ஒரு மனுசன் பொழப்பைக் கெடுத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அதைச் சொல்றேன், கேளுங்க. நான் நல்லவனா வர்ற கதை இல்ல இது, முன்னாடியே சொல்லிர்றேன்.

வாட்ஸப் எல்லாம் வந்து நல்லா ஓடிக்கிட்டிருந்த காலம்தான். அப்ப எங்க வட்டாரத்துல நாங்க அஞ்சு பேரு, அஞ்சு பேப்பருக்கு. எங்களுக்குள்ள ஒரு முறை வச்சிருந்தோம். தினம் ஒருத்தர் மட்டும் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ்னு சுத்தி வந்து செய்தி எழுதுவாரு. எழுதி மத்த நாலு பேருக்கும் போன்ல தள்ளி விட்ருவாரு. அவுக முதல் வரியை முன்னப் பின்ன மாத்திப் போட்டு அவுகவுக ஆபீசுக்கு அனுப்பிருவாக. நாலு பேருக்கு அன்னைக்கு வெயில் இல்ல, பெட்ரோல் இல்ல. இதுக்கு ஒத்துமைன்னு பேரு வேற வச்சிருந்தோம். இப்பவும் அப்படித்தான் ஓடுதுன்னு எனக்குத் தெரியும். எதுக்குத் தலையைக் குனியுறீக, நிமிர்ந்து கேளுங்க.

அன்னைக்கு என் முறை.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஜீப் விபத்துன்னு தகவல் வந்துச்சு. ஏலத்தோட்டத்து ஜீப். உங்கள்ல வெளியூர்ப் பிள்ளைக இருக்கீக, அதனால சொல்றேன். இங்கன இருந்து விடியக்காலையில பொம்பளைகளை ஏத்திக்கிட்டு ஜீப்புக மலை ஏறி கேரளாப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும். சாயங்காலம் இறக்கிக் கொண்டாந்து விடும். அப்படித் திரும்புற ஜீப் ஒண்ணு, ஒரு வளைவுல மலையில முட்டிருச்சு. ஒன்பது பொம்பளைகளுக்குக் காயம். எல்லாரும் அனுமந்தன்பட்டிக்காரக. டிரைவரும் அதே ஊரு, ஈஸ்வரன்னு பேரு. சொந்த ஜீப். உயிர்ச்சேதம் இல்ல.

ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். நோட்டை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு கட்டிலா நின்னேன். பேரு என்ன, வயசு என்ன, வீட்டுக்காரர் பேரு என்ன. கை ஒடிஞ்சு தொட்டில் கட்டிக் கிடந்த அம்மா ஒண்ணு, பேரு பஞ்சவர்ணம். "சார், என்ன நடந்துச்சுன்னா..."ன்னு ஆரம்பிச்சுச்சு. அந்நேரம் பாத்து என் போன் அடிச்சது. "இருக்கட்டும்மா, நீங்க ரெஸ்ட் எடுங்க, வயசு மட்டும் சொல்லுங்க"ன்னேன். அந்தம்மா என்னமோ சொல்லுச்சு, நான் நாப்பத்தாறுன்னு எழுதிக்கிட்டு போனோட வெளிய வந்துட்டேன்.

போன்ல ஸ்டேஷன் ரைட்டர். நமக்குப் பழக்கமான ஆளு. "அண்ணே, டிரைவர் மேல கப்புன்னு வாடை அடிக்குது. தண்ணியப் போட்டுட்டுத்தான் ஓட்டியிருக்கான். ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கு. நீங்க போட்டுக்கங்க"ன்னாப்ல. ரத்தம் எடுத்தது எதுக்கு? இருக்கா இல்லையான்னு பாக்கத்தான? அது வர்ற வரைக்கும் பொறுக்கணும்னு எனக்குத் தோணல. ஏழு மணிக்குள்ள செய்தி போகணும். 'டிரைவர் மது போதையில் ஜீப்பை ஓட்டியதே விபத்துக்குக் காரணம்' அப்படின்னு ஒரு வரி எழுதுனேன். நாலு பேருக்கும் தள்ளுனேன்.

மறுநாள் அஞ்சு பேப்பர்லயும் வந்துருச்சு. எங்க பேப்பர்ல மூணாம் பக்கத்துல படத்தோட கொட்டை எழுத்துல. எனக்குக் கொஞ்சம் பெருமையாக்கூட இருந்துச்சு, மறைக்க மாட்டேன்.

மூணாவது வாரம் ஈஸ்வரன் வீட்டம்மா செல்வி என் வீட்டுக்கு வந்தாக. சண்டைக்குத்தான் வந்திருக்காகன்னு நினைச்சு நான் வாசல்லயே நின்னேன். அந்தம்மா சத்தமே போடல. மஞ்சப்பையில இருந்து அஞ்சு பேப்பரையும் எடுத்து ஒண்ணு ஒண்ணா என் வாசப்படியில வச்சுச்சு. கடைசியா ரத்தம் பாத்த ஆஸ்பத்திரிச் சீட்டு.

"படிங்க. ஒரு பொட்டு சாராயம் இல்லைன்னு எழுதியிருக்கா இல்லையா?"

எழுதியிருந்துச்சு.

"அப்ப வாடை அடிச்சதுன்னாகளேம்மா?"ன்னேன்.

"பஞ்சவர்ணக்கா மக புள்ளை பெத்திருக்கு. அதுக்குன்னு குமுளியில அரிஷ்டம் வாங்கி மடியில வச்சு முன் சீட்டுல உக்காந்து வந்துச்சு. ஜீப் முட்டவும் பாட்டில் ஒடஞ்சு எங்க வீட்டுக்காரு சட்டை பூரா ஊத்திருச்சு. பிள்ளை பெத்தவ குடிக்கிற மருந்துங்க அது. நீங்க அவரைக் குடிகாரனாக்கிப்புட்டீக."

அரிஷ்டம் சாராயம் மாதிரித்தான் மணக்கும்னு எனக்குத் தெரியாதா? என் வீட்லயும்தான் ரெண்டு பிரசவம் ஆச்சு.

"ஜீப்பை ரிப்பேர் பாத்துக் கொண்டாந்து நிறுத்தி ஒரு வாரம் ஆச்சு. ஒரு பொம்பள ஏறல. ஏற விட மாட்றாக வீட்டுல. வண்டியில வந்த ஒன்பது பேரும் தலையில அடிச்சுச் சொல்றாக, அவரு குடிக்கலைன்னு. அவளுக புருசனுகளே நம்ப மாட்றானுக. 'ஒரு பேப்பர்னா பொய்யின்னு சொல்லலாம், அஞ்சு பேப்பர்லயுமா பொய் போடுவான்'னு கேக்குறானுக. நான் என்னத்தைச் சொல்ல? நீங்களே சொல்லுங்க."

தம்பிகளா, அங்கனதான் எனக்கு உறைச்சுச்சு. டீக்கடையில உக்காந்து பேப்பர்க்காரன் பொய்க்காரன்னு சொல்றதும் அந்த ஆம்பளைகதான். தன் பொண்டாட்டி ரத்தக் காயத்தோட வந்து சொன்னதை விட்டுட்டு, நான் போன்ல கேட்டு எழுதுன ஒரு வரியை நம்புறதும் அதே ஆம்பளைகதான். அஞ்சு பேரு சாட்சி சொல்றாகன்னு அவுக நினைச்சாக. அஞ்சும் நான் ஒருத்தன்தான்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்? ஒன்பது பேர்ட்ட வயசு கேட்டேன். என்ன நடந்துச்சுன்னு ஒருத்தர்ட்டயும் கேக்கல. வெக்கமா இருந்துச்சு. இப்ப சொல்லும்போதும் இருக்கு.

"சரி பண்ணிர்றேம்மா"ன்னேன்.

"பண்ணுங்க. பண்ணாம போகாதீக"ன்னு மட்டும் சொல்லிட்டு, பேப்பரையும் சீட்டையும் வாசப்படியிலயே விட்டுட்டுப் போயிருச்சு அந்தம்மா.

ஆபீஸ்ல செய்தியைச் சரிபாத்துப் போடுற டெஸ்க்குக்கு போன் போட்டேன். அங்க ஒரு உதவி ஆசிரியர், எனக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்த ஆளு, நல்ல மனுசன். ஆனா அன்னைக்கு மசியல. "மறுப்பு போட்டா நாளைக்கு ஊர்ல இருக்கிறவன் பூரா மறுப்பு கேட்டு வருவான்யா. சரி, மூணு வரி தர்றேன். ஏழாம் பக்கம்." "மூணாம் பக்கத்துல படத்தோட போட்டதுக்கு ஏழாம் பக்கத்துல மூணு வரியா?"ன்னு கத்துனேன். "அதுக்கே நான் மேல கேக்கணும்"னு வச்சுட்டாரு.

மத்த நாலு பேர்ட்டயும் போனேன். "ஆறிப்போன விசயத்தை ஏன்யா கிண்டுற?" "தப்பாக் குடுத்தது நீயி, நாங்க எதுக்கு எங்க ஆபீஸ்ல அசிங்கப்படணும்?" இப்படித்தான் பேசுனாக. ஒத்துமை அன்னைக்குத் தெரிஞ்சுச்சு எனக்கு.

மூணு வரி வந்துச்சு. அன்னைக்குக் காலையில பத்து மணிக்கு அனுமந்தன்பட்டிக்குப் போனேன். நாலு பேராவது படிச்சிருப்பாகன்னு ஒரு நினைப்பு. டீக்கடையில பேப்பரைத் தாள் தாளாப் பிரிச்சுப் போட்டுத்தான படிப்பாக. முன் தாள் ஒருத்தர் கையில, விளையாட்டுத் தாள் ஒருத்தர் கையில. ஏழாம் பக்கத்தைக் காணோம். "அண்ணே, உள்தாள் எங்க?"ன்னு டீ மாஸ்டர்ட்ட கேட்டேன். அவரு வடைச் சட்டியைக் காட்டுனாரு. "உள் பக்கம்தான, யாரு படிக்கப் போறான்னு கிழிச்சுட்டேன். ஏன், எதும் முக்கியமா வந்துருக்கா?" பக்கத்து பெஞ்சுல ஒருத்தர் என் திருத்தத்து மேல ரெண்டு பருப்பு வடையை வச்சுத் தின்னுக்கிட்டிருந்தாரு. எண்ணெய் ஊறி எழுத்து பூராம் மறுபக்கம் தெரியுது. சிரிக்காதீக. நானும் சிரிச்சிருப்பேன், அது இன்னொருத்தன் எழுதுனதா இருந்தா. வாட்ஸப் குரூப்புகள்லயும் போட்டுப் பாத்தேன். ரெண்டு பேரு கும்பிடு பொம்மை போட்டாக. படிச்சுப் போட்ட மாதிரித் தெரியல.

வீட்டுக்கு வந்து பேசாம படுத்திருக்கலாம். ஆபீஸ் கணக்குக்குத் திருத்தம் போட்டாச்சு, முடிஞ்சு போச்சு. ஆனா அந்த அஞ்சு பேப்பரும் என் வாசப்படியிலயே கண்ணுக்குள்ள நிக்குது. விடக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். பேப்பர் அவுகள்ட்ட போய்ச் சேரலைன்னா நான் போய்ச் சேருறேன், வேறென்ன?

மறுநாள் அஞ்சரை மணிக்கெல்லாம் ஜீப்புக நிக்கிற இடத்துக்குப் போனேன். பொம்பளைக தூக்குச்சட்டியோட நாலஞ்சு ஜீப்புல ஏறிக்கிட்டிருக்காக. ஓரமா ஒரு ஜீப் காலியா நிக்குது. அதுல ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு ஈஸ்வரன் உக்காந்திருக்காரு. ஏறுறதுக்கு ஆளில்லைன்னு தெரிஞ்சும் தினம் வந்து உக்காந்திருக்காருன்னு பின்னால சொன்னாக. நான் கிட்டப் போனேன். என்னைப் பாத்துட்டு மூஞ்சியை மலைப் பக்கம் திருப்பிக்கிட்டாரு.

நடுவுல நின்னு, வீட்டுல இருந்து கொண்டு போன ஏழாம் பக்கத்தைப் பிரிச்சு சத்தமா வாசிச்சேன். "இது நான் எழுதுனது. முன்னாடி போட்டதும் நான் எழுதுனதுதான். அஞ்சு பேரு எழுதல, நான் ஒருத்தன்தான் எழுதுனேன். தப்பா எழுதிட்டேன். இந்த மனுசன் குடிக்கல. ஆஸ்பத்திரிச் சீட்டு இந்தா இருக்கு"ன்னேன். மேடையில எத்தனையோ பேரு பேசுறதைக் குறிப்பெடுத்திருக்கேன், நான் நின்னு பேசுனது அன்னைக்குத்தான்.

பொண்டாட்டியைக் கொண்டாந்து விட வந்த ஒருத்தர் பைக்குல உக்காந்துக்கிட்டே கேட்டாரு: "அன்னைக்கு எழுதுனதும் நீருதான், இன்னைக்கு வாசிக்கிறதும் நீருதான். எதை நம்பச் சொல்றீரு?"

சரியான கேள்வி. நீங்களா இருந்தா என்ன சொல்வீக?

கூட்டத்துக்குள்ள இருந்து பஞ்சவர்ணம் வந்துச்சு. கையில மாவுக்கட்டு. வேலைக்குப் போக முடியாது, சின்ன மக விட்டுட்டுப் போன தூக்குச்சட்டியைக் குடுக்க வந்திருக்கு. என்னை மேலயும் கீழயும் பாத்துச்சு.

"நாங்க சொன்னா நம்ப மாட்டாக. நீங்க சொன்னாலும் இப்ப நம்ப மாட்றாக. நீங்க சொல்றது நெசந்தான?"

"நெசந்தாம்மா."

"அப்ப ஏறுங்க."

"எங்க?"

"ஜீப்புலதான். ஈஸ்வரன் ஓட்டட்டும், நீங்க உக்காந்து தோட்டம் வரைக்கும் போயிட்டு வாங்க. நானும் வாறேன் இந்தக் கையோட. ஆத்தா, எல்லாரும் பாருங்கடி, பேப்பர்க்காரரு ஏறுறாரா இல்லையான்னு."

ஜீப் விபத்து எத்தனை எழுதியிருப்பேன்! 'அளவுக்கு அதிகமாக ஆட்களை ஏற்றிச் சென்ற'ன்னு கை தானா எழுதும். ஆனா ஒரு நாள்கூட நான் அதுல ஏறுனதில்ல. முன் சீட்டுப் பக்கம் போனேன்.

"அங்கன இல்ல. பின்னால, கதவோரம். நாங்க உக்கார்ற இடத்துல உக்காருங்க."

ஏறுனேன். பஞ்சவர்ணம் ஏறுச்சு. அப்புறம் விபத்துல தலையில தையல் போட்ட அக்கா ஒண்ணு, "அட, போறது போகட்டும்"னு ஏறுச்சு. அது பின்னாலயே இன்னும் நாலு பேரு. பைக்குல இருந்தவரு பொண்டாட்டியை ஏறச் சொல்லவும் இல்ல, வேண்டாம்னு சொல்லவும் இல்ல. அந்தம்மாவா ஏறிக்கிச்சு. ஈஸ்வரன் வண்டியை எடுத்தாரு.

மலை ஏற ஏற என் முழங்கால் ரெண்டும் எதிர்ல இருந்த அக்கா தூக்குச்சட்டியில முட்டிக்கிட்டே வந்துச்சு. கதவுன்னா கதவு இல்ல, ஒரு இரும்புக் கம்பி. கீழ பாத்தா பள்ளம். ஈஸ்வரன் ஒவ்வொரு வளைவுலயும் ஹாரன் அடிச்சு, நின்னு, எட்டிப் பாத்துத்தான் திரும்புனாரு. ஒரு வளைவுல வண்டியை மெதுவாக்குனாரு. பஞ்சவர்ணம் என் தோளைத் தட்டுச்சு. "இங்கனதான். பாத்துக்கங்க."

பாத்தேன். வளைவுல பாதி ரோட்டை அடைச்சு ஜல்லிக் குவியல். ரோட்டு வேலை எடுத்த காண்ட்ராக்டர் கொட்டிட்டுப் போனது, ஒரு எச்சரிக்கைப் பலகைகூட இல்ல. பள்ளத்துப் பக்கம் தடுப்புச் சுவர் ஒடஞ்சு கிடக்கு.

"மேல இருந்து நாங்க இறங்குறோம், கீழ இருந்து லாரி வருது. அந்த ஜல்லிக்கு ஒதுங்கி எங்க பக்கம் வந்துட்டான். இந்தப் பக்கம் ஒடிச்சா பள்ளம், நாங்க யாரும் இல்ல. ஈஸ்வரன் மலையில கொண்டு போய் முட்டுனான். தெரிஞ்சேதான் முட்டுனான். 'பிடிச்சுக்கங்க'ன்னு கத்திக்கிட்டே முட்டுனான். எனக்குக் கைதான் போச்சு. அன்னைக்கு ஆஸ்பத்திரியில இதைத்தான் சொல்ல வந்தேன் சார். நீங்க வயசு கேட்டீக."

ஒன்பது உசுரைக் காப்பாத்துன மனுசனைத்தான் நான் குடிகாரன்னு எழுதியிருக்கேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு எனக்கு. முன்னால ஈஸ்வரன் திரும்பிப் பாக்கல, கண்ணாடியில மட்டும் ஒரு தரம் பாத்தாரு.

நோட்டை எடுத்தேன். அங்கனயே ஒவ்வொருத்தர்ட்டயும் கேட்டேன், என்ன நடந்துச்சு, என்ன பாத்தீக. மேல தோட்டத்துல இறங்குனதும் எழுதுனதை அவுகளுக்கு வாசிச்சுக் காட்டுனேன். ரெண்டு இடத்துல தப்புன்னாக, திருத்துனேன். கடைசியா பஞ்சவர்ணம், "என் வயசு நாப்பத்தாறு இல்ல, நாப்பத்திரெண்டு. அதுக்கும் ஒரு திருத்தம் போடச் சொல்லுங்க உங்க ஆபீஸ்ல"ன்னுச்சு. அன்னைக்குத்தான் அந்தப் பொம்பளைக சிரிச்சு நான் பாத்தேன்.

சாயங்காலம் டெஸ்க்குக்கு அனுப்பிட்டு உதவி ஆசிரியருக்கு போன் போட்டேன். "நான் ஏறிப் போய்ப் பாத்துட்டு வந்துருக்கேன். இது ஏழாம் பக்கம் போச்சுன்னா நாளையில இருந்து என் செய்தி உங்களுக்கு வராது"ன்னேன். மூணாம் பக்கத்துல வந்துச்சு, ஈஸ்வரன் பேரோட, ஜல்லிக் குவியல் படத்தோட. மத்த நாலு பேரும் நான் இறங்கி வந்த அன்னைக்கே, "செய்தியைத் தள்ளி விடுய்யா"ன்னு கேட்டாக. "தள்ள மாட்டேன். காலையில அஞ்சரைக்கு ஜீப் நிக்குது, ஏறிப் போய்ப் பாருங்க"ன்னுட்டேன். ரெண்டு பேரு போனாக. ரெண்டு பேரு என்னோட பேச்சை நிறுத்திட்டாக. அந்த முறை அன்னைக்கோட ஒழிஞ்சுச்சு. நாலாம் நாள் ஜல்லியையும் காணோம். ஈஸ்வரன் ஜீப்புல பத்துப் பதினோரு பேரு ஏற ஆரம்பிச்சாக.

இப்ப நீங்க நினைப்பீக, அவரும் நானும் கட்டிப் பிடிச்சுச் சமாதானமாயிட்டோம்னு. இல்ல. இன்னைக்கு வரைக்கும் ஈஸ்வரன் என் வீட்டுல ஒரு வாய் டீ குடிச்சதில்ல. எதிர்ல வந்தா தலையை ஆட்டுவாரு, அம்புட்டுத்தான். அவரு மக கல்யாணத்துக்கு ஊரையே கூப்பிட்டாரு, எனக்குப் பத்திரிகை வரல. அந்த மூணு வாரத்தை நான் திருப்பிக் குடுக்க முடியாது, அவரு மறக்கவும் வேண்டாம்.

ஆனா மலையில எது நடந்தாலும், மண்ணு சரிஞ்சாலும், வண்டி உருண்டாலும், யானை இறங்குனாலும், எனக்கு வர்ற முதல் போன் அவரோடதுதான். வணக்கமும் கிடையாது, நலமான்னு கேள்வியும் கிடையாது. ஒரே பேச்சுத்தான்: "எழுதிறாதீக. மொதல்ல வந்து பாருங்க." நான் வேலையை விட்ட பின்னாடியும் அந்த போன் நிக்கல. போன மாசம் அவருகிட்ட, "நான் இப்ப எழுதுறதில்லைங்க, புதுப் பிள்ளைக வந்திருக்காக"ன்னு சொன்னேன். "அப்ப அந்தப் பிள்ளைக நம்பரைக் குடுங்க"ன்னாரு.

உங்க எல்லாரு நம்பரையும் குடுத்திருக்கேன். போன் வரும். செஞ்சுக்கிட்டிருக்கிற சோலியை அங்கனயே போட்டுட்டு ஓடுங்க.